நரம்புச் சிலந்தி ஒழிந்த விதம்

நோய் வந்தபின் வைத்தியரைத் தேடுவது ஜனங்களின் இயல்பு. வருமுன் காப்பதற்கோ மனம் எளிதில் ஒருப்படுவதில்லை. அதற்கு அவர்கள் இசைவது எவ்வாறு என்பதை நரம்புச் சிலந்தி நோயின் வரலாறு நன்கு விளக்கும்.

இந்நோயைத் தீர்க்கும் மருந்தில்லை, தடுப்பூசியுமில்லை. படிக்கிணற்று நீரில் வாழும் நுண்ணிய பூச்சிகள் இப்புழுவின் குஞ்சுகளை விழுங்கியிருக்கும். அந்நீரைப் பருகினவர் உடலில் புழு வளர்ந்து, சுமார் ஓராண்டு கழிந்தபின் பெரும்பாலும் காலில் கொப்புளம் உண்டாக்கி வெளிப்படும். 2 அல்லது 3 அடி நீளமுள்ள அதனைக் குச்சியிற் சுற்றி, நாள்தோறும் சிறிது சிறிதாகவே வாங்க வேண்டும். எரிச்சல் தாளாது நோயாளி கிணற்றில் காலை நனைப்பின், புழு எண்ணற்ற குஞ்சுகளை நீரில் விடும். விதைப்புக் காலத்தில் உழவன் வாரக்கணக்காய்ப் படுத்துவிட்டால் விளைவு குன்றும். கடன் தவணையும் தவறும்.

பருகியது சென்ற ஆண்டு. புழு தோன்றுவது இவ்வாண்டு. ஆதலின் நீரே காரணமென்றால் ஜனங்கள் ஐயுறுவது இயற்கையே. அவர்களை அறிவிலிகள் என்று இகழ்வதாற் பயனில்லை. பின்வருவனவே பயன் தருவன:

1. கண்ணாற் காட்டுதல்: கிணற்று நீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்து வெளிச்சத்திற் பிடித்தால், வெண்புள்ளிகள் போன்ற பூச்சிகள் துள்ளுவது தெரியும். துணியில் வடித்தபின் அவை இரா.

2. எளிய வழி: நெருங்கிய நெசவுள்ள துணி ஒவ்வொரு வீட்டிலும் கிடைக்கும்.

3. மெய் கூறுதல்: முன்னரே பருகிய நீரால், வடிகட்டத் தொடங்கிய ஆண்டிலும் புழு தோன்றக்கூடும். இதனை முதலிலேயே சொல்லாவிடில் நம்பிக்கை கெடும். சொல்லிவைத்தால், அடுத்த ஆண்டு நோயின்மையே சிறந்த பிரசாரமாகும்.

4. கிணற்றைத் திருத்துதல்: படிகளை அடைத்துச் சுவரெழுப்பி, நீரை இறைத்தெடுக்கச் செய்தால் எவரும் காலை நனையார்.

இந்தியாவில் இவ்வொழிப்பு வேலை 1983-84-இல் தொடங்கியது. 1984-இல் ஏறக்குறைய 40,000 பேர் இந்நோயுற்றிருந்தனர். கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானத்து ஜோத்பூர் ஜில்லாவிற் காணப்பட்டார். 2000-இல் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியாவை இந்நோய் நீங்கிய நாடென்று உறுதி செய்தது.

ஆகவே கிராம ஊழியர், கட்டளையிடுவதற்குமுன் காட்டுதல் வேண்டும்; பழியைச் சுமத்துவதற்குமுன் வழியை எளிதாக்குதல் வேண்டும்.