கூடு திரும்பும் புறா

சீத்தா கேம்ப்பின் குறுகிய சந்துகளில் மாலை வேளையில் நடந்து செல்வோர், தகரக் கூரைகளின்மேல் புறாக்கள் வந்து அமரும் ஓசையைக் கேட்டிருப்பர். நாள்தோறும் காணும் பறவை ஆதலால் அதனை யாரும் நின்று பார்ப்பதில்லை. சன்னலை அசுத்தம் செய்கிறது என்று கடிந்து வலை கட்டுவோரே மிகுதி. ஆயினும், அவற்றுள் ஒன்றைப் பிடித்து, மூடிய கூடையில் வைத்து, கழிமுகத்துக்கு அப்பாலுள்ள வாஷியில் பறக்கவிட்டால் என்ன நேரும்? நாம் பேருந்து பிடித்து வீடு வருவதற்குள் அது தன் கூரையில் வந்து அமர்ந்திருக்கக்கூடும்.

தெருப்புறாவின் முன்னோர், பாறை இடுக்குகளில் கூடு கட்டிய மாடப்புறாக்கள். மனிதர் அவற்றைப் பிடித்து வளர்த்தனர். தப்பியவை நகரங்களில் பெருகின. அடுக்குமாடிகளின் விளிம்புகள் அவற்றுக்குப் பாறைகளாயின. பந்தயப் புறாக்களும் இதே இனத்தினின்று தேர்ந்து வளர்க்கப்பட்டவையே. எனவே, நம் கூரைப்புறாவும் தூதுப்புறாவும் உறவினர்கள். சங்க இலக்கியத்தில் ‘தூதுணம்புறவு’ என்றொரு சொல் உண்டு. தூது என்றதும் செய்தி நினைவுக்கு வரும். ஆனால் அங்கே அச்சொல்லுக்குச் சிறு கல் என்பதே பொருள். புறா இரையோடு கல்லையும் விழுங்குவதை நம் முன்னோர் கவனித்திருந்தனர்.

புறாவைச் செய்திக்குப் பயன்படுத்திய சிறந்த சான்று ஒடிசாவில் உள்ளது. 1946இல் இராணுவம் அளித்த 200 புறாக்களைக் கொண்டு அம்மாநிலக் காவல்துறை கோராபுட்டில் புறா அஞ்சலைத் தொடங்கியது. 1948 ஏப்ரல் 13 அன்று, சம்பல்பூரில் இருந்த பிரதமர் நேரு கட்டாக்கில் உள்ளோர்க்கு எழுதிய செய்தியைப் புறா ஒன்று சுமந்து சென்றது. காலையில் விடப்பட்ட அது நண்பகலுக்கு முன்பே சேர்ந்துவிட்டது. 1982இன் வெள்ளத்திலும் 1999இன் பெரும்புயலிலும், கம்பிகள் அறுந்து பிற தொடர்புகள் நின்றபோது, இப்புறாக்களே செய்தி கொண்டு சென்றன. தொலைத்தொடர்பு பெருகியபின் அப்பணி முடிவுக்கு வந்தது.

இங்கு ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். சொன்ன இடத்துக்கெல்லாம் புறா செல்லாது. தன் கூட்டுக்கு மட்டுமே திரும்பும். ஆகவே கட்டாக்குக்குச் செய்தி அனுப்ப வேண்டுமாயின், கட்டாக்கில் வளர்ந்த புறாவை முன்னதாகவே கொண்டுசென்று வைத்திருத்தல் வேண்டும்.

அது வழியறியும் முறை இன்றும் முழுமையாகத் தீராத வியப்பு. கதிரவனின் இடத்தையும் தன் உடலுக்குள் உள்ள கடிகாரத்தையும் சேர்த்து அது திசையைக் கணிக்கிறது. செயற்கை விளக்கொளியால் அக்கடிகாரத்தை ஆறு மணி நேரம் மாற்றிய புறாக்கள், வெயில் நாளில் ஏறத்தாழ 90 பாகை விலகிப் பறந்தன. கதிரவன் மணிக்கு 15 பாகை நகர்வதாகக் கொண்டு பெருக்கிப் பாருங்கள். கணக்குச் சரியாக வரும்! மேகம் மூடிய நாளில் என்ன செய்யும்? அமெரிக்க அறிஞர் கீட்டன், 1971இல் வெளியிட்ட ஆய்வில், புறாக்களின் முதுகில் சிறு காந்தத்தைப் பொருத்தினார். வெயில் நாளில் அவை தடுமாறவில்லை, மேகமூட்டத்தில் தடுமாறின. புவியின் காந்தப்புலத்தையும் அவை உணர்கின்றன என்பதற்கு இது சான்றாயிற்று. இத்தாலிய அறிஞர் பாப்பியோ, காற்றில் வரும் மணமே வழிகாட்டி என்றார். பழகிய பகுதிக்கு வந்ததும், நெடுஞ்சாலைகளையே பின்பற்றிப் பறக்கும் புறாக்களை ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் கண்டனர். கதிரவனையும் காந்தத்தையும் அறிந்த பறவை, நம்மைப்போல் சாலை பார்த்தும் வருவது சற்றே வேடிக்கைதான்.

வடசென்னையில் பந்தயப் புறா வளர்ப்போர்க்கு இவ்வியல்பு நன்கு தெரியும். முழு வளர்ச்சியடைந்த பறவையை விலைக்கு வாங்கினால் அதனை வெளியே விடமாட்டார்கள்; விட்டால், பல மாதம் கழிந்தபின்னரும் பழைய கூட்டைத் தேடிப் போய்விடக்கூடும். கூண்டில் வைத்தே இனம் பெருக்குவர். புதிய கூட்டில் பொரிந்த குஞ்சுகளைத்தான் நம்பிப் பறக்கவிடுவர்.

சீத்தா கேம்ப்பும் இடம்பெயர்ந்தவர்களின் குடியிருப்பே. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அருகில் இருந்த ஜனதா காலனி 1976 மே மாதத்தில் அகற்றப்பட்டபோது, தமிழர் உள்ளிட்ட பல்லாயிரம் மக்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். அக்குடும்பங்களின் முதியோர் சிலர் இன்றும் ‘எங்கள் ஊர்’ என்று பழைய காலனியைக் குறிப்பிடுவர். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கோ ஊர் என்றால் இத்தெருக்கள்தாம்.

சொற்பொருள்
கழிமுகம் – கடலோடு கலக்கும் நீர்வழி
பாகை – கோணத்தின் அளவு
கணித்தல் – அளந்து அறிதல்

பயிற்சி
1. கட்டாக்கில் வளர்ந்த புறாவைச் சம்பல்பூருக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது ஏன்?
2. காந்தம் பொருத்திய புறாக்கள் மேகமூட்டத்தில் மட்டும் தடுமாறின. காரணத்தை உம் சொற்களில் எழுதுக.
3. ‘தூது’ என்னும் சொல்லை இருவேறு பொருளில் அமைத்துத் தொடர் எழுதுக.
4. உம் தெருவில் நெடுங்காலம் வாழும் ஒருவரிடம், அவர் முன்பு வாழ்ந்த வீட்டுக்குச் செல்லும் வழியைக் கேட்டு, பத்து வரிகளில் எழுதி வருக.