வாயிலும் வாயிலோனும்

தோட்டப் பாடசாலைகளிலே கணினி அறை பலர்க்கும் பொதுவான செல்வமாகும். அங்கு மாணவன் கொணரும் பென் டிரைவ் பாடத்தையும் கொணரும். நச்சு நிரலையும் கொணரும். வினாத்தாளை வெளியே கொண்டுசெல்லவும் வல்லது. 2010ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், இணையத்தொடர்பு அற்ற கணினிகளுக்கும் இக்கருவி வழியே பரவும் ஆற்றல் பெற்றிருந்தது.

லினக்ஸ் கணினியைக் காக்கும் வழி இரண்டு. முதலாவது வாயிலை அடைத்தல். யூ.எஸ்.பி. ஸ்டோரேஜ், யூ.ஏ.எஸ். என்னும் இரு கூறுகளையும் கேர்னல் ஏற்றாதவாறு மோட்ப்ரோப் விதி எழுதிவிடின், எவர் செருகினும் பென் டிரைவ் திறவாது. விசைப்பலகையும் சுட்டியும் வேறொரு கூற்றினால் இயங்குதலின் அவற்றுக்கு இடையூறில்லை.

இரண்டாவது வாயிலோனை நிறுத்துதல். பெரும்பாலும் கணினிமுன் அமர்ந்தவர் எவரும் கடவுச்சொல் இன்றியே பென் டிரைவைத் திறக்கலாம். போல்கிட் விதியினால் அவ்வுரிமையை ஆசிரியர் குழுவுக்கு அளித்து, ஏனையோரிடம் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கச் செய்யலாம்.

இவற்றுள் எது ஏற்றது? லயத்து வீட்டில் இணையம் இல்லாத பிள்ளைக்குப் பாடத்தை வீட்டுக்குச் சுமக்கும் புத்தகப்பை பென் டிரைவே. முற்றாக அடைப்பின் கல்வியையும் அடைத்தோராவோம். ஆதலின் பூனாகலை போன்ற மலைப்புறங்களுக்கு வாயிலோனே வேண்டும். ஆசிரியர் முன்னிலையில் பிள்ளை பாடத்தைப் பெற்றுச் செல்லட்டும்.

ஒன்று மறவற்க: பென் டிரைவிலிருந்தே கணினியைத் தொடக்கும் வழியைப் பயோஸில் அடைத்துக் கடவுச்சொல் இடாவிடின், இவ்விரு காவலும் வீணாம். கணினி வழங்கும் பழைய மாணவர் இக்காவலையும் அமைத்தே வழங்குவாராக.