நீரைக் குடிக்கும் தரை

கோலாலம்பூரில் கனமழை ஒரு மணி நேரம் விடாமல் பெய்தால், தாழ்வான சாலைகள் சில வேளைகளில் நீரில் மூழ்கிவிடுகின்றன. மண்ணும் புல்லும் இருந்த இடங்களை இன்று தாரும் கான்கிரீட்டும் மூடியுள்ளன. நிலத்துக்குள் இறங்க வழியில்லாத மழைநீர் ஒரே நேரத்தில் கால்வாய்களுக்கு விரைகிறது. அவை நிரம்பி வழியும்போது திடீர் வெள்ளம் ஏற்படுகிறது.

இச்சிக்கலைத் தணிக்கும் வழிகளுள் ஒன்று, நீர் உட்புகும் கான்கிரீட். வழக்கமான கான்கிரீட்டில் சரளைக்கற்களுக்கு இடையிலுள்ள வெளியை மணலும் சிமெண்டும் அடைத்துவிடும். நீர் உட்புகும் கான்கிரீட்டிலோ மணல் இராது. இருந்தாலும் மிகக் குறைவாகவே இருக்கும். கடலை உருண்டையில் வெல்லப்பாகு கடலைகளைப் பிடித்துவைப்பதுபோல, சிமெண்டுப் பசை கற்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. இடையே 15 முதல் 35 விழுக்காடு வரை வெற்றிடம் எஞ்சுகிறது. மழைநீர் அதன் வழியே கீழே இறங்குகிறது.

ஆனால், வெற்றிடம் கூடினால் வலிமை குறையும். வலிமைக்காகப் பசையைக் கூட்டினால் துளைகள் அடைபடும். வெற்றிடம் 15 விழுக்காட்டுக்கும் கீழே குறைந்தால், துளைகள் ஒன்றோடொன்று இணையாமல் போகும். நீர் இறங்குவது அரிதாகிவிடும். கலவையில் சேர்க்கும் நீரும் அளவாக இருக்க வேண்டும். நீர் குறைந்தால் பசை கற்களைப் பற்றாது. மிகுந்தால் பசை வழிந்து, அடிப்பகுதித் துளைகளை மூடிவிடும். ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்னும் பழமொழி இதற்கும் பொருந்தும்.

இக்கான்கிரீட்டின் அழுத்தம் தாங்கும் வலிமை பொதுவாக 3 முதல் 28 மெகாபாஸ்கல் வரை இருக்கும். எனவே, கனரக லாரிகள் ஓடும் சாலைகளைவிட நடைபாதைகளுக்கும் கார் நிறுத்துமிடங்களுக்குமே இது ஏற்றது.

சரி, எவ்வளவு நீர் இறங்கினால் போதும்? ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்வதாகக் கொள்வோம். அப்போது ஒரு சதுர மீட்டர் தரையில் 100 லிட்டர் நீர் விழும்; அதாவது, நிமிடத்திற்கு 2 லிட்டருக்கும் குறைவு. நல்ல கலவையில் அமைந்த புதிய தரையோ நிமிடத்திற்கு 100 லிட்டருக்கும் மேல் உள்ளே விடும். அப்படியானால், துளைகளைக் குறைத்து வலிமையைக் கூட்டிவிடலாமே என்று நமக்குத் தோன்றலாம்.

புதிய தரை என்றும் புதிதாகவே இருப்பதில்லை. தூசியும் மண்ணும் காய்ந்த சருகும் ஆண்டுதோறும் துளைகளில் படிகின்றன. தொடக்கத்தில் மிகுதியாகத் தோன்றிய வெற்றிடமே பிற்காலத்தில் கைகொடுக்கும் சேமிப்பாகிறது. மேலும், தரைக்குக் கீழே சரளைக்கல் படுகை ஒன்றும் தேவை. களிமண் நீரை மெதுவாகவே உறிஞ்சும் என்பதால், இறங்கிய நீர் அதுவரை அப்படுகையில் தங்கும்.

ஆகவே, இத்தரையை அமைப்பதோடு வேலை முடிந்துவிடாது. சருகுகளை அகற்ற வேண்டும். துளைகளில் படிந்த தூசியை அவ்வப்போது உறிஞ்சி எடுக்க வேண்டும். பராமரிப்பின்றி விடப்பட்டால், அது நீரையும் குடிக்காது. வழக்கமான கான்கிரீட்டின் வலிமையும் அதற்கு இராது.

சிந்தித்துப் பாருங்கள்: உங்கள் பள்ளியின் பேருந்துப் பாதை, ஆசிரியர்களின் கார் நிறுத்துமிடம், சிற்றுண்டிச்சாலைக்குச் செல்லும் நடைபாதை ஆகியவற்றுள் இக்கான்கிரீட்டை எங்கே அமைப்பீர்கள்? ஏன்?