பிளாஸ்மா மாற்றமா, இம்யூனோகுளோபுலினா? கில்லன்-பாரே நோயில் சிகிச்சைத் தேர்வு

பாதங்களில் மதமதப்பாகத் தொடங்கி, சில நாள்களுக்குள் கால், கை, முகம் என ஏறி, சிலருக்கு மூச்சுத் தசைகளையும் முடக்கிவிடும் கில்லன்-பாரே நோய், 1916இல் பிரெஞ்சு மருத்துவர்கள் மூவரால் விவரிக்கப்பட்டது. வயிற்றுப்போக்கு அல்லது சளிக்காய்ச்சல் தணிந்த ஓரிரு வாரங்களில் இது தலைகாட்டுவது வழக்கம். கிருமியை அழிக்கப் பிறந்த ஆன்டிபாடிகள், அதாவது இரத்தத்தில் உலவும் எதிர்ப்புப் புரதங்கள், கிருமியின் மேற்பரப்பை ஒத்திருக்கும் நரம்பின் பகுதிகளையும் தாக்குவதே பலருக்குக் காரணமாகிறது.

துணையின்றி நடக்க இயலாத நிலையை நோயாளி எட்டியதும் நரம்பியல் மருத்துவர் முன் இரண்டு வழிகள் நிற்கின்றன. பிளாஸ்மா மாற்றத்தில், இரத்தத்தின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மா ஆன்டிபாடிகளோடு கருவி வழியே பிரித்து நீக்கப்பட்டு, அதற்கு ஈடாக ஆல்புமின் கரைசலோ தானப் பிளாஸ்மாவோ ஏற்றப்படுகிறது. ஒன்றிரண்டு வாரங்களில் நான்கைந்து முறை இது நடைபெறும். மற்றொன்று, ஆயிரக்கணக்கானோரின் தானப் பிளாஸ்மாவிலிருந்து திரட்டிய ஆன்டிபாடிகளாகிய இம்யூனோகுளோபுலினை, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள்கள் சிரை வழியே செலுத்துவது.

இவற்றுள் எது மேல் என்ற கேள்விக்கு, நெதர்லாந்தில் நடந்து 1992இல் வெளிவந்த ஆய்வும், பல நாடுகளில் நடந்து 1997இல் வெளிவந்த ஆய்வும் விடையளித்துவிட்டன: பலனில் இரண்டும் ஏறத்தாழ இணையே; ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் தருவதால் குறிப்பிடத்தக்க கூடுதல் நன்மை இல்லை. ஆகவே தேர்வைத் தீர்மானிப்பவை நோயாளியின் உடல்நிலையும், மருத்துவமனையின் வசதியும், குடும்பத்தின் கைப்பொருளும்தான். இரத்த அழுத்தமும் இதயத்துடிப்பும் நிலையின்றி ஏறியிறங்கும் நோயாளிக்கும், பெரிய சிரையில் குழாய் பொருத்துவது கடினமான சிறு குழந்தைக்கும் இம்யூனோகுளோபுலின் ஏற்றது. சிறுநீரகம் பழுதுற்றவருக்கும், முன்பே இரத்த உறைவுக்கு ஆளானவருக்கும் அதே மருந்து கேடு செய்யக்கூடும் என்பதால், அவர்களுக்குப் பிளாஸ்மா மாற்றத்தைக் கருதுவது முறை. 60 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 120 கிராம் இம்யூனோகுளோபுலின் தேவை. அதன் விலை எளிய குடும்பத்தைக் கடனாளியாக்கும் அளவுக்கு உயர்ந்தது. கருவியும் பயிற்சி பெற்றோரும் உள்ள மருத்துவமனையில் செலவு குறைந்த பிளாஸ்மா மாற்றத்தைத் தேர்வதால் சிகிச்சை தரம் தாழ்ந்துவிட்டதாக எவரும் வருந்த வேண்டியதில்லை. இதனை மருத்துவரே வாய்திறந்து சொல்வது அவரது கடமை.

வேறு பல நரம்பு நோய்களில் கைகொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து இங்கே உதவுவதில்லை. இம்யூனோகுளோபுலின் கொடுத்து முடித்தவுடன் பிளாஸ்மாவை மாற்றினால், ஏற்றிய மருந்தே வெளியேறிவிடும். முதல் சுற்றில் தேறாதவர்களுக்கு இரண்டாம் சுற்று இம்யூனோகுளோபுலின் தருவதும் பலனளிக்கவில்லை என்றும், இரத்த உறைவு போன்ற தீங்குகளைக் கூட்டுகிறது என்றும் 2021இல் வெளியான ஆய்வு காட்டியது.

எந்த வழியாயினும், பலவீனம் தொடங்கிய இரண்டு வாரங்களுக்குள் தொடங்குவதே நன்று. அதைவிட அவசரமானது மூச்சைக் கவனிப்பது: ஆழ்ந்து இழுத்து முழுதும் வெளிவிடும் காற்றின் அளவு கிலோவுக்கு 20 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கினால், எந்தச் சிகிச்சை என்ற ஆலோசனை முடியும்வரை காத்திராமல், வென்டிலேட்டர் வசதியுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நோயாளியை மாற்றிவிட வேண்டும்.