மூட்டை எந்த வழியாகப் போகிறது? – உணவுத் தொழில் தொடங்குவோர் கவனத்துக்கு



கடந்த மாதம் நமது அறக்கட்டளையில் அழகிய கடன் கேட்டு ஒரு சகோதரர் வந்தார். மசாலாப் பொடி அரைத்து விற்கும் எண்ணம். பல்வரைசர், சல்லடை, பாக்கெட் போடும் இயந்திரம், தராசு என்று விலைப்பட்டியலும் கொண்டுவந்திருந்தார். "லாரியில் வரும் மூட்டை பல்வரைசர் வரைக்கும் எப்படிப் போகும்?" என்று கேட்டேன். "ஆளுங்க தூக்கிடுவாங்க பாய்" என்றார்.

அதே வாரம் இன்னொரு குடும்பத்துக்கு மூன்றாவது மாதமாக அரிசியும் மளிகையும் கொடுத்தோம். குடும்பத் தலைவர் ஒரு மாவு மில்லில் மூட்டை தூக்கியவர். முதுகில் டிஸ்க் விலகிப் படுத்திருக்கிறார். இரண்டு மனுக்களும் என் மேசையில் அடுத்தடுத்து இருந்தன. டிராலிக்குச் செலவழிக்காத பணத்தைத்தான் பிறகு மருந்துக்கும் மளிகைக்கும் கொடுக்கிறோமோ என்று தோன்றியது.

முதலில் கணக்கு

50 கிலோ மூட்டை ஒரு நாளைக்கு 20 வந்தால் ஒரு டன். லாரியிலிருந்து இருப்பு அறைக்கு, அங்கிருந்து பல்வரைசருக்கு, பிறகு சல்லடைக்கு, பாக்கெட் போடும் இடத்துக்கு, மீண்டும் இருப்புக்கு, கடைசியில் வண்டிக்கு. ஆறு முறை கைமாறுகிறது. ஒரு டன் சரக்குக்கு மனிதர்கள் தூக்குவது ஆறு டன்.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்திய கணக்கின்படி, எல்லாம் வசதியாக அமைந்த இடத்திலும் ஒருவர் தூக்கலாம் என்று பரிந்துரைக்கும் எடை 23 கிலோதான். நம் மூட்டை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். காயம் உண்டாக்கும் அளவுக்குப் பாரம் தூக்க வைக்கக் கூடாது என்று நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34-ஆவது பிரிவே சொன்னது. வேலை செய்பவர் மீது தாங்க முடியாத பாரத்தைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. அந்தக் கைகொடுத்தலில் ஒரு டிராலியும் அடங்கும்.

வழியை வரையுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் உங்கள் கொட்டகையை வரைந்து, மூட்டை போகும் வழியைக் கோடு போடுங்கள். கோடு குறுக்கும் நெடுக்குமாகப் போனால் இயந்திரங்களின் இடத்தை மாற்றுங்கள். சல்லடையைப் பல்வரைசரின் வாய்க்குக் கீழேயே வைத்தால் ஒரு தூக்கு மிச்சம். இதற்குச் செலவே இல்லை.

எந்த வேலைக்கு எது?

சமதரையில் ஓரிரு மூட்டை நகர்த்த இரண்டு சக்கர டிராலி போதும். பலகையோடு சேர்த்துப் பத்து, இருபது மூட்டை நகர்த்த ஹேண்ட் பேலட் டிரக் வேண்டும். பொதுவாக இது 2.5 டன் வரை தாங்கும். ஆனால் படி ஏறாது, குண்டும் குழியுமான தரையில் ஓடாது. படி இருந்தால் முதலில் சரிவுப் பாதை கட்டுங்கள். இதன் முள் அகலம் 550, 685 மில்லிமீட்டர் என்று இரண்டு வகையில் கிடைக்கும். உங்கள் பலகையையும் கதவையும் அளந்துவிட்டு வாங்குங்கள். பழையது வாங்கினால் பாரத்தை ஏற்றி நிறுத்திப் பத்து நிமிடம் பாருங்கள். தானாக இறங்கினாலோ எண்ணெய் கசிந்தாலோ வேண்டாம்.

தானியத்தை உயரத்துக்கு ஏற்றப் பக்கெட் எலிவேட்டர், பொடியை நகர்த்த ஸ்க்ரூ கன்வேயர் உண்டு. இரண்டிலும் அடியில் மிச்சம் தங்கும். திறந்து சுத்தம் செய்யும் கதவு இல்லாவிட்டால் அங்கேதான் வண்டு வைக்கும். பெல்ட் கன்வேயர் நாள் முழுக்க ஒரே வழியில் சரக்கு போகும் இடத்துக்கு மட்டுமே லாபம்.

ஆவின் பால் வரும் பிளாஸ்டிக் டப்பைப் பாருங்கள். ஒரே அளவு, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம், கழுவலாம், ஒருவர் தூக்கலாம். பெரிய பண்ணை முதல் தெருமுனைக் கடை வரை அதே டப்தான். நாமும் அப்படி ஒரே அளவுப் பெட்டியை முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சுத்தம்

உணவு படும் இடமெல்லாம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். 304 வகை பொதுவாகப் போதும். உப்பு அதிகம் புழங்கும் ஊறுகாய் போன்றவற்றுக்கு 316 வகை நல்லது. மரப் பலகையில் சிராயும் ஆணியும் வரும், ஈரம் ஏறும். பிளாஸ்டிக் பலகை மேல். பெல்ட் நீல நிறமாக இருந்தால், பிய்ந்த துண்டு உணவில் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். மூலப்பொருளுக்கு ஒரு டிராலி, முடிந்த சரக்குக்கு வேறொரு டிராலி.

பொடி நெருப்பாகும்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இம்பீரியல் சர்க்கரை ஆலை இருந்தது. சர்க்கரையில் தூசு விழக் கூடாது என்று 2007-இல் ஒரு கன்வேயரை எஃகுத் தகடுகளால் மூடினார்கள். உள்ளே சேர்ந்த சர்க்கரைத் தூளை வெளியேற்ற வழி செய்யவில்லை. 2008 பிப்ரவரி 7 அன்று அது வெடித்தது. அந்த விபத்தில் 14 பேர் இறந்தார்கள். நம் கொட்டகையில் பறக்கும் மாவும் மசாலாத் தூளும் இதே இனம்தான். மூடி போட்டால் தூசு உறிஞ்சும் வசதியும் சேர்த்துப் போடுங்கள். உத்திரத்திலும் மின்விளக்கிலும் படிந்த தூளை அவ்வப்போது துடையுங்கள்.

நம் முடிவு

இனி உணவுத் தொழிலுக்குக் கடன் கேட்டு வருவோர் விலைப்பட்டியலோடு மூட்டை போகும் வழியை வரைந்த தாளையும் கொண்டுவர வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் பேசியிருக்கிறோம். டிராலிக்கும் பேலட் டிரக்குக்கும் ஆகும் தொகையைக் கடனில் தயங்காமல் சேர்த்துக் கேளுங்கள். வரையத் தெரியாவிட்டால் அலுவலகத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து வரைவோம், இன்ஷா அல்லாஹ். முதலில் வந்த சகோதரர் வரைந்து கொண்டுவந்துவிட்டார். அவர் பட்டியலில் இப்போது ஒரு டிராலி கூடியிருக்கிறது, மூன்று தூக்கு குறைந்திருக்கிறது.

வஸ்ஸலாம்.
செயலாளர்