இருக்கையின் அடியில் ஒரு பெயர்

நாம் அமரும் நாற்காலிக்கும் வரலாறு உண்டு. பிரான்சு நாட்டில் பதினாறாம் லூயி மன்னன் காலத்தில் எழுந்த கைவைத்த நாற்காலியே அதற்குச் சான்று.

அதற்கு முந்திய நாற்காலிகளின் கால்கள் வளைந்து நெளிந்திருந்தன. 1738இல் ஹெர்குலேனியத்திலும் 1748இல் பொம்பேயியிலும் அகழ்வு தொடங்கியது. பழைய ரோமானியரின் எளிய அழகு ஐரோப்பியர் மனத்தைக் கவர்ந்தது. நாற்காலியின் கால்களும் கோயில் தூண்களைப்போல நேராகி, கீழே குறுகி, நீண்ட வரிப்பள்ளங்களைப் பெற்றன.

இது ஒருவர் கைவேலை அன்று. தச்சர் பீச் மரச் சட்டங்களை அறுத்து, ஒன்றில் துளையும் மற்றதில் நாக்கும் செதுக்கி, மரமுளை அடித்துப் பூட்டுவார். சிற்பி இலைகளையும் மலர்ச்சரங்களையும் செதுக்குவார். வேறொருவர் வெண்சுண்ணப் பூச்சின்மேல் பொன்தாள் ஒட்டுவார். இறுதியில் குதிரைமயிர் திணித்துப் பட்டு போர்த்துபவர் வருவார்.

பாரிஸ் தச்சர் சங்கம் 1743இல் ஒரு விதி வகுத்தது. தலைமைத் தச்சர் தம் பெயரை மரத்தில் முத்திரையாகக் குத்தவேண்டும் என்பதே அது. 1765இல் அத்தகுதி பெற்ற ஜார்ஜ் ஜாக்கோப், 1787இல் அரசி மரி அந்துவானெத்தின் ராம்பூயே பால்மனைக்கு நாற்காலிகள் செய்தவர். அவர் முத்திரை பெரும்பாலும் இருக்கைச் சட்டத்தின் அடிப்புறத்தில் இருக்கும். அமர்பவர் கண்ணில் படாது.

1791இல் சங்கங்கள் ஒழிக்கப்பட்டன, விதியும் மறைந்தது. ஆயினும் அறிஞர்கள் இன்றும் நாற்காலியைக் கவிழ்த்து அப்பெயரைத் தேடுகின்றனர். சிற்பியின் பெயரும் பொன்பூசியவர் பெயரும் பெரும்பாலும் அங்கே இல்லை. அவர்கள் வேலை மட்டுமே பேசுகிறது.

பிறர் காணாத பக்கத்தையும் செம்மையாக முடித்து, அதற்குப் பொறுப்பேற்பதே கைத்திறன். தோழியரே, நம் தையலிலும் ஏட்டிலும் அடிப்புறம் எப்படி இருக்கிறது என்று நாமும் பார்ப்போமா?