பழைய விளையாட்டுச் சாமான் வாங்கச் செல்லும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

கெடாவின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டபின், லயன்களில், அதாவது தோட்ட நிர்வாகம் தொழிலாளர்க்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில், வாழ்ந்த குடும்பங்கள் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் முதலிய ஊர்களின் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன. அவர்களோடு வந்த பிள்ளைகளின் சிறு கார்களும் சாவி கொடுத்தால் ஓடும் தகரப் பொம்மைகளும் இன்று கைப்பேசிப் படங்களாக விற்பனைக்கு வருகின்றன. தேடுபவர் விற்பவரின் வீட்டுக்கே சென்று வாங்குவது நன்று. இத்தகைய பொருளின் வரலாறு படத்தில் தெரியாத அடிப்புறத்தில்தான் இருக்கிறது.

சிறு கார்களில் பெரும்பாலானவை டை-காஸ்ட் வகையின, அதாவது துத்தநாகக் கலப்புலோகத்தை உருக்கி அச்சில் வார்த்தவை. அடித்தகட்டில் நிறுவனமும் நாடும் பெரும்பாலும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். 1953இல் மேட்ச்பாக்ஸ் வரிசையைத் தொடங்கிய லெஸ்னி நிறுவனம் 1982இல் நொடித்துக் கைமாறியதால், இங்கிலாந்தும் லெஸ்னியும் சேர்ந்து பொறித்த கார் பெரும்பாலும் அதற்கு முந்தையதென்று கொள்ளலாம். ஹாட் வீல்ஸ் கதை வேறு. 1968இல் அமெரிக்காவில் வெளிவந்த அக்கார்களை மேட்டல் நிறுவனம் 1980களில் பினாங்கு மாநிலத்துப் பிறையிலும் செய்யத் தொடங்கியது. ஆகவே ‘மலேசியா’ என்ற பொறிப்பு கெடாக்காரருக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கின் அடையாளமே தவிர அருமைக்குச் சான்றன்று. அதில் காணும் ஆண்டும் வடிவத்துக்கு உரிமை பதிந்த ஆண்டேயாகும். ஒரே அச்சு பல்லாண்டுகள் பயன்படும் என்பதை அறியாமல் அதைச் செய்த ஆண்டாக எண்ணி விலை சொல்பவரும் கொடுப்பவரும் ஒருங்கே ஏமாறுகிறார்கள். அடித்தகட்டை உடலோடு பிணைக்கும் ரிவெட் துளைக்கப்பட்டிருந்தால், காரைப் பிரித்து மறுவண்ணம் பூசியோ சக்கரம் மாற்றியோ இருக்கிறார்கள் என்று பொருள்.

தகரப் பொம்மைகளுக்குத் துருவே பெரும் பகை. போருக்குப்பின் நேச நாடுகளின் ஆக்கிரமிப்பில் இருந்த ஜப்பான், 1952 வரை ஏற்றுமதிப் பொருள்கள் பலவற்றில் அந்நிலையைக் குறித்தே முத்திரையிட்டது; அம்முத்திரை உள்ளவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றைக் குழந்தைகள் கையில் கொடுக்கலாகாது.

‘துரை பங்களாச் சாமான்’ என்ற பேச்சு, அதாவது தோட்ட நிர்வாகியின் வீட்டிலிருந்து வந்தது என்னும் உரிமைகோரல், விலையை ஏற்றுமேயன்றி எதையும் நிறுவாது. எந்தத் தோட்டம், யார் கொடுத்தது, யார் விளையாடியது என்று கேட்டு எழுதிவைப்பது அதனினும் பயனுடையது. வீட்டுக்குச் செல்லாதவருக்கு அது கிட்டாது.

கெடாவின் வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆதலால், பினாங்கிலிருந்து செல்பவருக்கும் விற்பவருக்கும் சனிக்கிழமையே பொதுவாக ஒத்துவரும். பொருளைப் பார்க்குமுன் முன்பணம் கேட்பவரின் வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் செமாக்மியூல் தளத்தில் சரிபார்ப்பது தகும். அங்கே புகார் பதிவாகவில்லை என்பதற்காக முன்பணம் அனுப்பிவிடவும் கூடாது.

பேரன் விட்டுச்சென்ற கார் என்று மூன்று வெள்ளிக்குக் கொடுக்க முன்வரும் பாட்டியிடம் அதன் சந்தை விலையைச் சொன்ன பிறகே பணம் நீட்டுவது சேகரிப்பவரின் கடமை. அதற்கு மனம் வராதவர் விலை தெரிந்த கடைக்காரரிடம் வாங்குவதே மேல்.

அன்புடன்,
மாமா